அழுகாத மீன்: ஒன்லைன் கேம்கள் கைமாற்றை ஏன் பூட்டி வைக்கின்றன

திருகோணமலைக் கரைக்கு விடியப்புறம் வந்து சேரும் சூரைக்கு ஆயுள் அரை நாள். ஏலத்தில் ஆறு மணிக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு இன்னொரு விலை. மிஞ்சினது ஐஸ் பெட்டிக்குள் ஏறி, ஹபரணை, தம்புள்ளை தாண்டிக் கொழும்புப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போகும். அதற்கும் சரிவராதது உப்புப் பட்டுக் கருவாடாகும். எந்த வழியால் போனாலும் முடிவு ஒருவருடைய சோற்றுக் கோப்பைதான். அடுத்த நாள் திரும்பவும் வள்ளம் இறக்க வேண்டும். மீன் அழுகுவதால்தான் மீன் சந்தை உயிரோடு இருக்கிறது.

அழுகாத, தின்றும் தீராத மீன் ஒன்று இருந்தால்? முதல் கிழமை ஊரெல்லாம் கொண்டாட்டம். இரண்டாம் மாதம் தலைக்கு நாலு மீன். ஆறாம் மாதம் வள்ளத்தில் கால் வைக்க ஆள் வராது. ஒன்லைன் கேம்களில் கிடைக்கும் வாள், உடுப்பு, துப்பாக்கிக்குப் போடும் ஸ்கின் எல்லாம் இந்த அழுகாத மீன்தான். அதை ஒரு ஆட்டக்காரரிடமிருந்து இன்னொருவருக்குத் தாராளமாகக் கைமாற விட்டால் என்ன நடக்கும் என்பது கேம் செய்கிறவர்களுக்குப் பட்டுத் தெரிந்த விஷயம்.

என்.சி. வீதிப் போன் கடை வாசலிலும், மூதூர்ப் படகுக்குக் காத்திருக்கும் இறங்குதுறையிலும் போனைக் குறுக்காகப் பிடித்திருக்கிற பெடியளிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "என்ட ஐடியில சும்மா கிடக்கிற பண்டிலைத் தம்பிட ஐடிக்கு மாத்த ஏலாதா?" பண்டில் என்பது கேமுக்குள் போடும் உடுப்புத் தொகுதி. ஃப்ரீ ஃபயரில் ஏலாது. கடையில் இருப்பதை நண்பருக்குப் பரிசாக வாங்கி அனுப்பலாம். உங்கள் ஐடிக்குள் ஒருமுறை வந்ததை வெளியே எடுக்க வழியில்லை. பப்ஜி மொபைலில் யூசி என்ற கேம் காசு வைத்திருந்தாலும் இதே கதைதான்.

"கம்பனிக்குக் காசு ஆசை" என்பது பொதுவாகக் கிடைக்கும் பதில். அதில் பொய் இல்லை. ஸ்கின் விற்றுப் பிழைக்கும் கேமில் ஒருவன் வாங்கி ஒன்பது பேர் மாறி மாறிப் போட்டால், பத்து விற்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் விற்கும். 2023 டிசம்பர் 5-இல் ரொக்கட் லீக் என்ற கார்ப் பந்தாட்டக் கேமில் ஆட்டக்காரர்களுக்கு இடையிலான கைமாற்றை எபிக் கேம்ஸ் அடியோடு நிறுத்தியபோதும் கோபப்பட்டவர்கள் இதைத்தான் சொன்னார்கள். ஆனால் ஸ்கின் கடையே இல்லாத, ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிவிட்டு ஆடுகிற கேம்களும் ஏன் பூட்டுகின்றன என்பதற்கு இந்தப் பதில் போதாது. அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஒரு வாளின் கணக்கு

ஒரு கேமில் ஒரு வாள் என்று வைத்துக்கொள்வோம். அரக்கனைக் கொன்றால் 1,000-க்கு 1 என்ற வீதத்தில் விழும். நாளைக்கு 50 அரக்கரைக் கொல்கிறவருக்கு சராசரியாக 20 நாளில் ஒரு வாள். மூன்று கிழமை உழைப்புக்கு ஒரு வாள் என்பது நியாயமான கூலி.

அந்தக் கேமை ஆடுவோர் 100,000 பேர். நாளொன்றுக்கு 50 இலட்சம் அரக்கர், 5,000 வாள். கைமாற்று இல்லாதவரை இந்த 5,000 ஒருவர் கண்ணையும் உறுத்தாது. அவரவர் வாள் அவரவர் பெட்டிக்குள் கிடக்கும். கைமாற்றைத் திறந்தால் அத்தனையும் ஒரே சந்தைக்கு வந்துவிடும். இரண்டாவது வாள் கிடைத்தவர் விற்பார். கேமை விட்டுப் போகிறவர் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போவார். வாள் மழுங்குவதுமில்லை, கறள் பிடிப்பதுமில்லை. 20-ஆம் நாள் தலைக்கு ஒரு வாள், 40-ஆம் நாள் தலைக்கு இரண்டு. அதற்குப் பிறகு கேமுக்குள் வருகிற புதுப் பெடியன் முதல் நாள் கையில் சேர்ந்த சில்லறைக்கே ஒன்றை வாங்கிவிடுவான். மூன்று கிழமைக்கு என்று எழுதிய ஆட்டம் ஒரு பின்னேரத்தில் முடிந்துபோகும்.

கேம் செய்கிறவர் அப்போது என்ன செய்வார்? வீதத்தை 20,000-க்கு 1 ஆக்குவார். நாளைக்கு 250 வாள்தான் விழும், சந்தை விலை நிமிரும். ஆனால் சந்தைப் பக்கமே போகாமல் தானும் தன் பாடுமாக ஆடுகிறவர் அந்த வாளைப் பார்க்க இப்போது 400 நாள் வேண்டும். கைமாற்றின் உண்மையான விலையைக் கட்டுகிறவர் இவர்தான். விற்கவுமில்லை, வாங்கவுமில்லை, ஆனாலும் இவர் ஆடும் கேம் மற்றவர்களின் சந்தைக்காகத் திருத்தப்பட்டுவிட்டது.

கைமாற்று வேண்டும் என்பவர்கள் பக்கத்திலும் கணக்கு இருக்கிறது. 1,000-க்கு 1 என்ற வீதத்தில் சரியாக 1,000 அரக்கரைக் கொன்றவர்களில் வாள் கிடைத்திருப்பது 100-க்கு 63 பேருக்குத்தான். மிச்சம் 37 பேரும் வெறுங்கை. அந்த 37 பேருக்குச் சந்தை ஒரு ஆறுதல். கைமாற்றைப் பூட்டுகிற கேம் அவர்களுக்கு வேறு வழி வைத்தே ஆக வேண்டும்: இத்தனை தடவைக்குள் கட்டாயம் ஒன்று விழும் என்ற எண்ணிக்கை, துண்டுகளைச் சேர்த்து உலையில் வார்க்கும் வசதி, இப்படி. பூட்டிவிட்டு இவற்றை வைக்க மறந்த கேம்கள்தான் ஆட்களை இழக்கின்றன. பழி பூட்டின் தலையில் விழும்.

சாமான் காசாக மாறும்போது

2000-இல் வந்த டயப்லோ 2 என்ற கேமில் தங்கக் காசு இருந்தது, பெறுமதிதான் இல்லை. ஒருவர் சுமக்கக்கூடிய தங்கம் அவருடைய லெவலைப் பத்தாயிரத்தால் பெருக்கிய அளவோடு நின்றது, செத்தால் கொஞ்சம் போய்விடும். எனவே ஆட்டக்காரர்களே ஒரு காசைத் தெரிவுசெய்தார்கள்: ஸ்டோன் ஒஃப் ஜோர்டன் என்ற மோதிரம். பையில் ஒரு கட்டம்தான் பிடிக்கும், எல்லா வகுப்பாருக்கும் பயன்படும், லேசில் கிடைக்காது. சிறியது, எல்லாருக்கும் வேண்டியது, அரியது என்ற மூன்றும் சேர்ந்தால் எந்தச் சாமானும் காசாகிவிடும். பிறகு அதைப் பிரதி எடுக்கும் ஓட்டை ஒன்று அகப்பட்டது. கள்ள நோட்டு அடித்த கதைதான். 2003-இல் 1.10 பதிப்பில் ஒரு வடிகால் வைத்தார்கள். சேர்வரில் (கேம் ஓடும் மையக் கொம்பியூட்டரில்) போதிய அளவு மோதிரங்கள் கடைக்காரனுக்கு விற்கப்பட்டால் விசேட டயப்லோ ஒன்று எழும்பி வரும். மோதிரத்தை எரிக்க வைப்பதற்காகவே ஒரு அரக்கன். கெட்டிக்கார வேலை.

டயப்லோ 3 நேர் எதிர்த் திசையில் போய்ப் பார்த்தது. களவாக நடக்கிற வியாபாரத்தை நாமே நடத்தினால் என்ன என்று 2012 ஜூன் 12-இல் அமெரிக்கப் பகுதியில் உண்மைக் காசு ஏலச்சந்தையைத் திறந்தார்கள். ஒரு ஆயுதம் விற்றால் 1 டொலர் கழிவு, கல், மூலப்பொருள் போன்றவற்றுக்கு 15 சதவீதம். காசைக் கேமுக்கு வெளியே எடுத்தால் இன்னொரு 15 சதவீதம். ஒரு சாமானுக்கு உச்ச விலை 250 டொலர். ஆட்டக்காரர்கள் அரக்கரைக் கொல்வதைவிட ஏலப் பட்டியலைத் தடவுவதில் கூட நேரம் செலவழித்தார்கள், ஏனென்றால் அதுதான் புத்திசாலித்தனம். தரையில் விழுந்த கவசத்தைப் பார்த்ததும் 'போடலாமா' என்ற கேள்வி போய் 'எவ்வளவு போகும்' என்ற கேள்வி வந்தது. கேமின் முன்னாள் இயக்குநர் ஜே வில்சன் 2013-இல் ஏலச்சந்தை கேமைக் காயப்படுத்தியது என்று வெளிப்படையாகவே சொன்னார். 2014 மார்ச் 18-இல் உண்மைக் காசுக்கும் கேம் தங்கத்துக்கும் இருந்த இரண்டு ஏலச்சந்தைகளையும் மூடினார்கள். அதன்பின் அரிய சாமான் எடுத்தவரின் ஐடியோடு ஒட்டிவிடும். அது விழுந்தபோது கூட நின்று ஆடியவர்களுக்கு மட்டும் 2 மணித்தியாலத்துக்குள் கொடுக்கலாம். நல்ல விதி. ஒரே வள்ளத்தில் போனவர்கள் கரையில் மீனைக் கூறு போடுவது மாதிரி.

மூடுவதற்கு முதல் ஒரு விபத்தும் நடந்தது. 2013 மே மாதம், ஒரு தடவைக்கு விற்கக்கூடிய தங்கத்தின் அளவை 1 மில்லியனிலிருந்து 10 மில்லியனாகக் கூட்டினார்கள். பெரிய தொகையை விற்பனைக்குப் போட்டு இடையில் ரத்துச் செய்தால், போட்டதைவிடக் கூடத் திரும்பி வந்தது. சில மணித்தியாலத்துக்குள் சந்தையை இழுத்து மூட வேண்டியதாயிற்று. பெரிய தொகைகளில் கொம்பியூட்டர் வழுக்கி விழும் பிரபல இடம் 2,147,483,647. கழித்தல் எண்ணுக்கும் இடம் வைக்கும் 32 பிட் எண்ணில் அடங்கும் ஆகக் கூடிய தொகை அதுதான். ரூன்ஸ்கேப் என்ற கேமில் ஒரு குவியலில் வைக்கக்கூடிய காசின் எல்லையும் அதே எண். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் கேமில் முன்பு இருந்த எல்லை 214,748 தங்கம், 36 வெள்ளி, நாற்பத்துச் சொச்சம் செம்பு. சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

இரண்டு வாள் எப்படி வருகிறது

பிரதி எடுக்கும் களவு, ஆட்டக்காரர்கள் 'டூப்' என்பது, மந்திரமல்ல. பழைய கேம்களில் அது நடக்கும் முறை பெரும்பாலும் ஒன்றேதான்.

ஒரு ஆட்டக்காரரின் பை முழுவதும் அவர் நிற்கும் பிரதேசத்தின் சேர்வர் நினைவகத்தில் இருக்கும். அதைத் தரவுத்தளத்தில் எழுதுவது சில நிமிடத்துக்கு ஒரு தடவை. 'அ' தன் வாளை 'ஆ'-வுக்குக் கொடுக்கிறார். 'ஆ' உடனே ஒரு வாசலைக் கடந்து அடுத்த பிரதேசத்துக்குப் போகிறார். வாசலைக் கடக்கும்போது அவருடைய பை எழுதப்பட்டுவிடும், வாளோடு. 'அ' நிற்கும் சேர்வரை அந்த நேரத்தில் எப்படியாவது விழுத்திவிட்டால், எழுந்து வரும்போது 'அ'-வின் பை பழைய பதிவிலிருந்து ஏறும், அதுவும் வாளோடு. ஒன்று இரண்டாகிவிட்டது. சேர்வரை விழுத்தும் வித்தை தெரிந்தவனுக்கு இது நாணயச்சாலை.

இதற்கு மருந்து உண்டு. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தொடரிலக்கம், தரவுத்தளத்தில் தனி வரி, அந்த வரியில் உரிமையாளர் பெயர். கைமாற்று என்பது அந்தப் பெயரை மாற்றும் ஒரே நடவடிக்கை. முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது. வங்கியில் கணக்குக்குக் கணக்கு காசு மாற்றும் அதே முறை. ஆனால் நாளைக்கு இலட்சக்கணக்கான கைமாற்றை இப்படிச் செய்து, ஒவ்வொன்றுக்கும் சுவடு வைத்து, 'என்ட வாளைக் காணேல்ல' என்று வரும் முறைப்பாட்டைப் பார்க்க ஆளும் வைக்க வேண்டும். சின்னக் கம்பனிக்கு இது கட்டாது. கைமாற்றே இல்லாவிட்டால் டூப் ஓட்டை இருந்தாலும் அந்தச் சாமான் ஒருவரோடு நிற்கும். ஊருக்குள் பரவாது.

கைமாற்றுச் சாளரம் ஒன்றைச் சரியாகச் செய்வதே பெரிய பாடு. இரண்டு பேரும் சாமானை வைத்து 'சரி' அமத்தும்போது, கடைசி நொடியில் ஒருவன் நல்ல வாளை எடுத்து அதே படமுள்ள சொத்தி வாளை வைப்பான். அதனால்தான் ஒரு பக்கம் எதை மாற்றினாலும் இரண்டு பக்கச் 'சரி'யும் அழிந்துபோகும், பிறகு இரண்டாவது உறுதிப்படுத்தல் சாளரம் ஒன்று வரும். அந்த இரண்டாம் சாளரத்தை எரிச்சலோடு அமத்துகிறவர்கள் அதை ஆறுதலாக வாசிப்பது நல்லது.

கள்ளக் கார்ட்

கைமாற்றுத் திறந்தவுடன் முதல் வருகிறவன் ஆட்டக்காரன் இல்லை. 2001-இல் பொருளியலாளர் எட்வர்ட் கஸ்ட்ரோனோவா எவர்குவெஸ்ட் கேமின் பொருளாதாரத்தை அளந்து, அங்கே ஆடும் ஒரு மணித்தியாலத்தின் பெறுமதி 3.42 டொலர் என்று எழுதினார். அமெரிக்காவில் அது அற்பம். எத்தனையோ நாடுகளில் அது நல்ல கூலி. மனிதனுக்குக் கூலி கிடைக்கும் இடத்தில் ஆளில்லாமல் தானாக ஆடும் பொட் இயந்திரத்துக்கு இலாபம் கிடைக்கும், திருடனுக்கு இன்னும் கிடைக்கும்.

திருட்டு நடக்கும் ஒழுங்கு இதுதான். களவெடுத்த கார்ட் இலக்கத்தால் கேமுக்குள் ஒரு சாமான் வாங்குவது. அதை உடனே வேறு ஐடிக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றுவது. கடைசி ஐடியிலிருந்து வெளி இணையத்தளம் ஒன்றில் பாதி விலைக்கு விற்றுக் காசாக்குவது. கார்ட் சொந்தக்காரர் மாதாந்தக் கூற்றைப் பார்த்து வங்கிக்குப் போன் அடிக்கிறார். வங்கி காசைத் திருப்பி எடுக்கும், கம்பனிக்குத் தண்டக் கட்டணமும் விழும். இப்படித் திருப்பக் கேட்பதற்கான காலக்கெடு பல வகைகளில் 120 நாள். நாலு மாதத்துக்குள் சாமான் எத்தனை கை மாறியிருக்கும்? கடைசியாக நேர்மையாக வாங்கியவரிடமிருந்து பறிப்பதா, விடுவதா? இரண்டுமே அநியாயம்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேம். 2013 ஓகஸ்டில் ஸ்கின்கள் வந்தன, ஸ்கின் அடங்கிய அதிர்ஷ்டப் பெட்டியைத் திறக்கும் சாவி 2.49 டொலர். விலை மாறாத, கைமாறக்கூடிய சாவி, மோதிரம் மாதிரியே காசாகிவிட்டது. 2019 ஒக்டோபரில் அந்தக் கேமின் கம்பனியான வல்வ் புதிதாக வாங்கும் சாவிகளைக் கைமாற்ற முடியாதபடி பூட்டியது. கைமாறி விற்கப்படும் சாவிகளில் ஏறக்குறைய எல்லாமே மோசடிக் காசில் வாங்கப்பட்டவை என்று நம்புவதாகக் காரணம் சொன்னது. அதற்கு முதலே, 2015 டிசம்பரில், வல்வின் கேம் கடையான ஸ்டீமில் மாதத்துக்கு ஏறத்தாழ 77,000 ஐடிகள் களவாடப்பட்டுக் கொள்ளையிடப்படுவதாகவும் சொல்லியிருந்தது. போனில் உறுதிப்படுத்தும் செயலி இல்லாதவர்களின் கைமாற்றை நாட்கணக்கில் பிடித்து வைத்தார்கள். 2018 மார்ச்சில் ஒருமுறை கைமாறிய கவுண்டர்-ஸ்ட்ரைக் சாமான் 7 நாளைக்கு மறுபடி கைமாறாது என்றார்கள். 2025 ஜூலையில் அந்த 7 நாளுக்குள் கைமாற்றைத் திருப்பிப் பெறும் வசதியும் வந்தது. ஒவ்வொரு பூட்டுக்கும் பின்னால் ஒரு களவு இருக்கிறது.

ஸ்டீம் சந்தையில் கவுண்டர்-ஸ்ட்ரைக் சாமான் விற்றால் 15 சதவீதம் கழியும், வருகிற காசு ஸ்டீம் பணப்பைக்குள் மட்டும்தான். இலங்கை வங்கிக் கணக்குக்கு அது வராது. அதனால்தான் எங்கள் பெடியள் வெளித் தளங்களுக்குப் போகிறார்கள், அங்கே வழுக்கி விழும் இடம் ஏபிஐ கீ, அதாவது உங்கள் ஐடியை ஒரு நிரல் இயக்க விடும் திறப்பு. போலித் தளத்தில் ஸ்டீம் கடவுச்சொல்லையும் போன் உறுதிப்படுத்தலையும் கொடுத்துவிட்டால், திருடன் உங்கள் பெயரில் ஒரு கீ எடுக்கப் பார்ப்பான். நீங்கள் உண்மையான ஆளுக்கு அனுப்பும் கைமாற்றுக் கோரிக்கையை அவனுடைய பொட் ரத்துச் செய்து, அதே பெயர், அதே படத்தோடு இன்னொரு கோரிக்கையை வைக்கும். நீங்களே போனில் அமத்திச் சம்மதிப்பீர்கள். செய்ய வேண்டியது: ஸ்டீமின் ஏபிஐ கீ பக்கத்தில் நீங்கள் எடுக்காத கீ இருந்தால் அழித்து, கடவுச்சொல்லை மாற்றி, மற்றக் கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற வேண்டும். போனில் சம்மதிக்க முதல் மற்ற ஆள் ஸ்டீமில் சேர்ந்த திகதியைப் பாருங்கள். பெயரையும் படத்தையும் திருடலாம், சேர்ந்த திகதியைத் திருட முடியாது.

சட்டத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 2018 ஏப்ரலில் நெதர்லாந்தின் சூதாட்ட ஒழுங்குபடுத்துநர் 10 கேம்களின் அதிர்ஷ்டப் பெட்டிகளை ஆராய்ந்து, 4 சட்டத்தை மீறுவதாகச் சொன்னது. பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கைமாற்றலாம் என்பதுதான் அந்த நாலுக்கும் மற்ற ஆறுக்கும் இருந்த முக்கிய வேறுபாடு. கைமாற முடிந்தால் அதற்குச் சந்தை விலை உண்டு, சந்தை விலை இருந்தால் அது பரிசு, பரிசு இருந்தால் அது சூது. பின்னர் 2022-இல் அந்த நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஃபிஃபா கேம் சம்பந்தமாக ஈஏ கம்பனிக்கு விதித்த தண்டத்தை நீக்கியது உண்மை. ஆனால் கம்பனிகளின் சட்டத்தரணிகள் பாடத்தைப் படித்துவிட்டார்கள்.

முழுப் பூட்டுப் போட்டால்

ரூன்ஸ்கேப்புக்கு நடந்ததைப் பூட்டு வேண்டும் என்பவர்கள் படிக்க வேண்டும். பொட் கூட்டம் களவெடுத்த கார்ட்டால் உறுப்புரிமை வாங்கி ஆடியது, கார்ட் பிரச்சினை கம்பனியின் கழுத்தை இறுக்கியது. 2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தையைத் திறந்தார்கள். 2008 ஜனவரி 2 முதல் நேருக்கு நேர் கைமாற்றில் இரண்டு பக்கப் பெறுமதியும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்றார்கள். தொடக்கத்தில் அனுமதித்த வித்தியாசம் வெறும் 3,000 காசு. நண்பனுக்கு ஒரு நல்ல வில்லைச் சும்மா கொடுக்க முடியாத நிலை.

ஆட்டக்காரர்கள் சும்மா இருந்தார்களா? சந்தையில் உத்தியோகபூர்வ விலை கூடவாகவும் உண்மையில் ஒருவரும் தொடாததாகவும் இருந்த குப்பைச் சாமான்களைத் தேடிப் பிடித்தார்கள். அரிய சாமானின் உண்மை விலை உத்தியோக விலையைவிடக் கூடினால், மிச்சத்தைக் குப்பையால் நிரப்பினார்கள். குப்பைக்கே ஒரு சந்தை உருவானது. 2011 பெப்ரவரி 1-இல் பழைய கைமாற்று திரும்பி வந்தது. அதற்கு முன் நடந்த வாக்கெடுப்பில் 1.2 மில்லியனுக்கு மேல் வாக்கு, 91 சதவீதம் ஆம். அதோடு பொட்களும் திரும்பி வந்தன. 2013-இல் கம்பனியே பொண்ட் என்ற சாமானை விற்கத் தொடங்கியது. உண்மைக் காசு கொடுத்து ஒருவர் வாங்கலாம், கேம் காசுக்கு இன்னொருவருக்கு விற்கலாம், வாங்கியவர் அதை உறுப்புரிமையாக மாற்றலாம். மாற்றியவுடன் அது அழிந்துபோகும். இந்த மீன் அழுகும். ஈவ் ஒன்லைன் கேமின் பிளெக்ஸ் என்ற சாமான் அதற்கு முன்பே இந்த வழியைக் காட்டியது. வோர்கிராஃப்டின் டோக்கன் 2015-இல் வந்தது.

அரைப் பூட்டுகளில்தான் இந்தத் துறையின் உண்மையான கெட்டித்தனம் இருக்கிறது. வோர்கிராஃப்டில் சில சாமான் எடுத்தவுடன் ஒட்டும், சில உடுத்தவுடன் ஒட்டும். உடுக்காதவரை விற்கலாம், உடுத்தால் அது சந்தையிலிருந்து செத்துப்போகும். ஏலத்தில் 5 சதவீதக் கழிவும் இருக்கிறது. கழிவு சின்னதாகத் தெரியும், ஆனால் அது எரிக்கப்படும் காசு. ஒரே காசு 14 தடவை கைமாறினால் பாதிக்கு மேல் ஆவியாகிவிடும். 15 சதவீதம் என்றால் ஐந்தே தடவை. பிளெக் டெசர்ட் இன்னும் கடுமை: நேரடிக் கைமாற்றுக்கே இடமில்லை, விலைக்கு மேல் கீழ் எல்லை உண்டு, விற்றவருக்கு அடிப்படையில் 65 சதவீதம்தான் கையில். போகிமொன் கோ 2018-இல் கைமாற்றைத் தந்தபோது இருவரும் 100 மீற்றருக்குள் நிற்க வேண்டும், ஒருமுறை கைமாறியது மறுபடி கைமாறாது என்று வைத்தது. திருகோணமலையில் கோணேசர் கோயில் படியில் நிற்பவரும் உவர்மலையில் இருப்பவரும் அப்போது மாற்றவே ஏலாது. இணையத்தில் கடை விரிக்க நினைத்தவனுக்கு இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை இருக்கவில்லை.

எனக்குப் பிடித்தது பாத் ஒஃப் எக்ஸைல் என்ற கேம் செய்தது. பாதை கெட்டுக் கிடந்த காலத்தில் திருகோணமலை மீன் திருகோணமலையிலேயே மலிவாகக் கிடந்தது போல, அவர்கள் வேண்டுமென்றே பாதையைத் திருத்தாமல் வைத்திருந்தார்கள். விலை பார்த்து, விற்பவருக்குத் தகவல் அனுப்பி, அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து நேரில் கொடுக்க வேண்டியிருந்தது. கைமாற்று இலகுவானால் ட்ரொப் வீதத்தை, அதாவது சாமான் விழும் வீதத்தைக் குறைக்க வேண்டிவரும் என்று 2017-இல் கம்பனியே விளக்கமாக எழுதியது. பிறகு ஆட்டக்காரர்களின் வசைக்கு இறங்கி வந்து, 2024-இல் நாணயங்களுக்கு மட்டும் தானியங்கிச் சந்தை திறந்தார்கள். கட்டணம் தங்கம். அந்தத் தங்கத்தைக் கைமாற்ற முடியாது, ஆடித்தான் சேர்க்க வேண்டும். ஆயிரம் ஐடி வைத்திருக்கும் பொட் முதலாளி ஒவ்வொன்றையும் ஆட விட வேண்டும்.

2024 பெப்ரவரியில் முழுப் பதிப்பாக வந்த லாஸ்ட் எபொக் கேள்வியை ஆட்டக்காரரிடமே திருப்பிவிட்டது. இரண்டு சங்கம். ஒன்றில் சேர்ந்தால் சந்தைக்குப் போகலாம். மற்றதில் சேர்ந்தால் சந்தை இல்லை, ஆனால் உங்களுக்கு விழும் சாமான் கூடவும் நல்லதாகவும் இருக்கும். மேலே சொன்ன 400 நாள்காரருக்கு ஒரு நியாயம் கிடைத்தது.

ஐடியையே விற்பது

சாமானைக் கைமாற்ற முடியாத இடத்தில் பெட்டியோடு கைமாறும். ஃப்ரீ ஃபயர் ஐடி விற்பனை நடப்பது அதனால்தான். பேஸ்புக் குழு, வட்ஸ்அப் நிலை, பள்ளிக்கூட வாசல். இங்கே கேமுக்குள் இருக்கும் இரண்டாம் சாளரம் கிடையாது, சுவடு கிடையாது, முறைப்பாடு சொல்ல இடம் கிடையாது. விதிப்படி ஐடி கம்பனியுடையது, உங்களுக்கு இருப்பது பாவிக்கும் அனுமதி மட்டும். விற்க உரிமை இல்லாததை விற்றவர் மேல் கம்பனியிடம் போய் என்ன சொல்வீர்கள்?

கெட்டுப்போகும் விதங்கள் தெரிந்தவைதான். ஐடி முதலில் எந்த பேஸ்புக் அல்லது கூகுள் கணக்கோடு கட்டப்பட்டதோ அந்தக் கணக்கு விற்றவர் கையில் இருக்கும். கடவுச்சொல்லை நீங்கள் மாற்றினாலும், பழைய மின்னஞ்சல், பழைய போன் இலக்கம் மூலம் அவர் மீட்டுவிடுவார். ஒரு கிழமைக்குள் நடந்தால் உங்கள் அதிர்ஷ்டம், சண்டை பிடிக்கவாவது ஆள் அகப்படும். மூன்று மாதம் கழித்து நடக்கும்போது அவர் இலக்கத்தையே மாற்றியிருப்பார். இரண்டாவது, ஒரே ஐடியை இரண்டு பேருக்கு விற்பது. மூன்றாவது, அந்த ஐடியில் உள்ள டயமண்டே (ஃப்ரீ ஃபயரின் கேம் காசு) கள்ளக் கார்ட்டில் ஏற்றியதாக இருப்பது. வங்கி காசைத் திருப்பியதும் ஐடி பூட்டப்படும், பூட்டப்படும் நேரம் நீங்கள்தான் உள்ளே.

மலிவாக டயமண்ட் போட்டுத் தருகிறோம் என்கிற அண்ணாமாரில் நல்லவர்களும் உண்டு. பிரித்தறிய ஒரு சோதனை போதும்: டொப்-அப் செய்ய, அதாவது காசு கட்டி டயமண்ட் ஏற்ற, ஆட்டக்காரர் இலக்கம் மட்டும்தான் தேவை. கடவுச்சொல், போனுக்கு வரும் ஆறு இலக்கம், பேஸ்புக் உள்நுழைவு, இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் அது டொப்-அப் இல்லை.

தம்பிக்குப் பண்டில் வேண்டும் என்று கேட்ட பெடியனுக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. உங்கள் ஐடியில் கிடப்பதை மறந்துவிடுங்கள். தம்பியின் ஆட்டக்காரர் இலக்கத்தை வாங்கி, அவன் ஐடிக்கே நேரடியாக டொப்-அப் செய்யுங்கள். அல்லது அவனை கேமுக்குள் நண்பராகச் சேர்த்து, அந்தப் பண்டில் மறுபடி கடைக்கு வரும்போது பரிசாக அனுப்புங்கள். அவன் விருந்தினர் கணக்கில் ஆடுகிறானா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் டயமண்ட் போட முதல் ஒரு மின்னஞ்சலோடு கட்ட வைக்க வேண்டும். போன் தொலைந்தாலோ கேமை அழித்துப் போட்டாலோ விருந்தினர் ஐடி திரும்பி வருவது சந்தேகம். கட்டும் மின்னஞ்சல் வீட்டில் பெரிய ஆள் ஒருவருடையதாக இருக்கட்டும், போன் கடை அண்ணா அவசரத்துக்குத் திறந்து தந்ததாக இருக்க வேண்டாம்.